எம்.எட். படித்தால் பள்ளிக்கு என்ன கிடைக்கும்?

தனியார் பள்ளியொன்றில் ஆறு ஆண்டுகளாகக் கணிதம் நடத்திவரும் எம்.எஸ்சி., பி.எட். பட்டதாரி ஒருவர், கல்வியியலில் முதுநிலைப் பட்டமான எம்.எட். சேர்ந்து பிறகு பிஎச்.டி. வரை போகலாமா என்று கேட்டிருக்கிறார். கல்வியியல் துறைகளில் அன்றாடம் எப்படி இருக்கும், என்ன ஆய்வு நடக்கிறது, அதனால் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு ஏதேனும் பயன் உண்டா என்று மூன்று கேள்விகளாகப் பிரித்திருந்தாலும், இறுதியில் போகிறபோக்கில் சேர்த்திருக்கும் ஒரு வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "இரண்டு வருஷம் வகுப்பை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது என் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் புதிதாக ஏதாவது இருக்குமா?" அந்த வரிக்கே பதில் சொல்ல முயல்கிறேன். கல்வியியல் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வு முறையியல் நடத்துகிறேன், எம்.எட். ஆய்வேடுகளையும் சில பிஎச்.டி. ஆய்வுகளையும் நெறிப்படுத்தியிருக்கிறேன். என் அனுபவம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளோடும் பல்கலைக்கழகத் துறைகளோடும் நின்றுவிடுவது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதிகள், ஏனெனில் அவற்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் ஆசிரியர் கல்வி பற்றிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளால் பி.எட்., எம்.எட். இரண்டுமே 2015 முதல் இரண்டாண்டுப் படிப்புகளாயின. அதற்கு முன் எம்.எட். ஓராண்டுதான்; நான் படித்ததும் அப்படியே. 2025 தொடக்கத்தில் அதே குழுமம் வெளியிட்ட வரைவு விதிகள், முழுநேர எம்.எட்.டை மறுபடியும் ஓராண்டாக்கவும், பணியில் இருப்பவர்களுக்கு இரண்டாண்டுப் பகுதிநேரப் படிப்பு ஒன்றைக் கொண்டுவரவும் முன்மொழிந்தன. பணியில் இருக்கும் உங்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்; ஆகவே நீங்கள் சேரும் ஆண்டுக்கான சேர்க்கை அறிவிக்கையைப் பார்க்காமல் வேலையை விட்டுவிடாதீர்கள். பிஎச்.டி.யைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு ஆண்டு என்று வரையறுக்கின்றன, எம்.ஃபில். அவற்றோடு முடிந்துபோனது, ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தால்தான் ஆய்வேட்டை ஏற்போம் என்ற கட்டாயமும் யு.ஜி.சி. அளவில் நீங்கியது. பணியில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் செய்ய வேண்டுமானால் உங்கள் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று தேவை. தனியார் பள்ளித் தாளாளர் ஒருவரிடம் அந்தச் சான்றில் கையெழுத்து வாங்குவது சில சமயம் ஆய்வேட்டைவிடக் கடினமான காரியமாக இருந்துவிடுகிறது.

இனி வாழ்க்கை. அமெரிக்காவில் கல்வியியலுக்கென்றே தனிப் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் உண்டு. நியூயார்க்கின் டீச்சர்ஸ் காலேஜ் 1887இலும் ஹார்வர்டின் கல்வியியல் பள்ளி 1920இலும் தொடங்கியவை. நம்மிடமும் வரலாறு குறைவில்லை: சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் வேர் 1856ஆம் ஆண்டுக்குப் போகிறது, லேடி வெலிங்டன் கல்லூரி 1922இல் தொடங்கியது. ஆனால் நம் நிறுவனங்கள் ஆசிரியரைப் பயிற்றுவிப்பதற்காகப் பிறந்தவை. ஆய்வு பிற்பாடு மேலே ஏற்றப்பட்ட மாடி. இந்தத் தோற்றத்தின் தடம் அன்றாடத்தில் தெரியும். பல கல்லூரிகளில் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தோடு தொடங்கும். அன்றைய சிந்தனை, செய்தி வாசிப்பு எல்லாம் முறை வைத்து நடக்கும். முதுநிலை மாணவரும் பதிவேடு எழுதுவார், அட்டை போடுவார், கையெழுத்து வாங்க வரிசையில் நிற்பார். உளவியல் ஆய்வகம் என்ற அறையைத் திறந்தால், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி நட்சத்திரத்தின் கோட்டின்மேல் பென்சிலை ஓட்டும் பழைய கருவி அலமாரியில் இருக்கும். தமாஷாகத் தோன்றினாலும், அதில் ஒருமுறை கைவைத்துப் பார்ப்பது நல்லது: நன்றாகப் பழகிய ஒரு வேலை திடீரென்று கைக்கு வராமல் போகும்போது மனம் படும் எரிச்சலை, முதல் முறை பின்னக் கூட்டல் செய்யும் குழந்தையின் இடத்தில் நின்று உணரலாம்.

பாடங்களில் தத்துவம், சமூகவியல், உளவியல், கலைத்திட்டம், ஆய்வு முறையியல், புள்ளியியல் ஆகியவை இருக்கும், பி.எட். கல்லூரியில் சென்று பயிற்சி ஆசிரியர்களைக் கவனிக்கும் உள்ளுறைப் பயிற்சியும், இறுதியில் ஆய்வேடும் உண்டு. என்னைக் கேட்டால், எம்.எட்.டின் மிகச் செழிப்பான பகுதி அந்த உள்ளுறைப் பயிற்சிதான். இதுவரை நீங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள். இன்னொருவர் நடத்துவதை நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் பார்த்து, அவர் எந்த மாணவரிடம் கேள்வி கேட்கிறார், பதிலுக்கு எத்தனை நொடி காத்திருக்கிறார், தவறான விடையை என்ன செய்கிறார் என்று குறிப்பெடுத்திருக்க மாட்டீர்கள். அந்தப் பழக்கம் ஒரு மாதத்தில் வந்துவிடும், வந்தபின் போகாது. மற்றவற்றில் நிலைமை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மூல நூலை வாசிக்க வைக்கும் துறையும் உண்டு, பதினைந்து மதிப்பெண் வினாக்களுக்கான கையேட்டை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் துறையும் உண்டு. சேருமுன் நூலகத்துக்குப் போய் நூல்களின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் புரட்டிப் பாருங்கள். கடைசி முத்திரை எந்த ஆண்டு என்பதே உங்களுக்குப் பலவற்றைச் சொல்லிவிடும்.

ஆய்வு பற்றிப் பேசும்போது என் துறையையே குறை சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திறந்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் கல்வியியல் பகுதிக்குள் சென்று அரைமணி நேரம் செலவிட்டால், ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள் வரிசையாக வருவதைப் பார்ப்பீர்கள். மேல்நிலை மாணவர்களின் ஏதோ ஒரு மனப்பான்மைக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு, ஒரு மாவட்டம், சில நூறு மாணவர்கள், ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாநிரல், பிறகு ஆண் பெண், நகரம் கிராமம், தமிழ்வழி ஆங்கிலவழி, அரசு தனியார் என்று பிரித்துப் பிரித்து, இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை. கணித ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இதில் உள்ள ஓட்டை உடனே புலப்படும். மனப்பான்மையை ஐந்து கூறுகளாக்கி, ஒவ்வொன்றையும் எட்டுப் பின்னணி மாறிகளோடு சோதித்தால் நாற்பது சோதனைகள். நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாகத் தவறலாம் என்று ஏற்கும் 0.05 என்ற நிலையில், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் சராசரியாக இரண்டு சோதனைகள் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று கைதூக்கும். அந்த இரண்டைப் பிடித்துக்கொண்டு கடைசி இயலில் 'கிராமப்புற மாணவர்களுக்கு ஆலோசனை மையங்கள் அமைக்க வேண்டும்' என்று பரிந்துரை எழுதப்படுகிறது. நானும் அப்படியொன்றை எழுதியவன்தான். கட்டி வைத்திருக்கும் என் ஆய்வேட்டை எடுத்துக் காட்ட எனக்கே கூச்சமாக இருக்கும்.

அந்த ஆய்வுக்காகத் தரவு திரட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பினார். அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை, கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை அழிக்காமல் ஒதுங்கி நின்று பாடவேளையை எனக்குக் கொடுத்தார். வினாநிரலைக் கொடுத்தேன்; பின்வரிசையில் மாணவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் விடைகளுக்கு வட்டமிட்டார்கள். தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டு நன்றி சொன்னபோது அந்த ஆசிரியை, "சார், போன வருஷமும் ஒருத்தர் வந்தாங்க, அதுக்கு முன்னாடியும் வந்தாங்க. பிள்ளைங்க என்ன எழுதினாங்கன்னு எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லையே" என்றார். குற்றம்சாட்டும் தொனி இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் சொல்ல வரவில்லை. பட்டம் வாங்கியபின் அந்தப் பள்ளிப் பக்கம் போகவே இல்லை.

அப்படியானால் பள்ளிகளை மாற்றியது எது என்று கேட்கலாம். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் கடந்த கால் நூற்றாண்டில் நடந்த பெரிய கற்பித்தல் மாற்றமான செயல்வழிக் கற்றல், கல்வியியல் துறை எதிலிருந்தும் வரவில்லை. ஆந்திராவின் ரிஷி வேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் கிராமப் பள்ளிகளுக்காக உருவான, குழந்தைகள் பாட அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் கற்கும் முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கியது, எம்.பி. விஜயகுமார் என்ற அதிகாரியின் முனைப்பால் சில ஆண்டுகளுக்குள் மாநிலமெங்கும் சென்றது. பெஞ்சுகள் போய்ப் பாய் வந்தது; சுவரில் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது; ஒவ்வொரு குழந்தையும் பாடப் படிகளை வரிசைப்படுத்திய கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்தது. அதனால் வகுப்பறையில் பயம் குறைந்தது என்பதைப் பார்த்த எவரும் ஒப்புவார்கள். வாசிப்பும் கணக்கும் எவ்வளவு கூடின என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆசிரியர்கள் நடுவிலேயே இரு கட்சி உண்டு. மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் பரப்பியதால் ஒப்பிட்டுப் பார்க்க இடமில்லாமல் போயிற்று என்பது என் கருத்து. அந்த நேரத்தில் நம் கல்வியியல் துறைகள் நூறு பள்ளிகளையாவது ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்திருந்தால் இன்று இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது. பின்தொடராமல் அப்போது நாங்கள் செய்ததென்ன? 'செயல்வழிக் கற்றல் குறித்து ஆசிரியர்களின் மனப்பான்மை' என்று வினாநிரல் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மறுபுறம், கொரோனாவுக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். 18 மாதங்கள் மூடியிருந்த பள்ளிகளால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஊரில் படித்த இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள், கொரோனாவுக்கு முன்பே தமிழகக் கிராமங்களில் அளந்து வைத்திருந்த குழந்தைகளைத் திரும்பத் திரும்ப அளந்து, இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் காட்டினார்கள். கொள்கை வகுப்போர் கையில் எடுத்துப் பேசக்கூடிய விடை அது. அதைத் தந்தவர்கள் பொருளியலார், எம்.எட்., பிஎச்.டி. (கல்வி) என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எங்களில் ஒருவரல்ல. ஆயினும் பொருளியலாரின் ஆய்வு, எவ்வளவு மீண்டது என்று சொல்லுமே தவிர, அந்தத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெண் என்ன வார்த்தை சொல்லிக் கழித்தலைப் புரியவைத்தார் என்று சொல்லாது. அந்த இடம் காலியாக இருக்கிறது. வகுப்பறை தெரிந்தவர்தான் அதை நிரப்ப முடியும். உங்களைப் போன்றவர் இந்தத் துறைக்கு வரவேண்டும் என்று நான் விரும்புவதற்கு இது ஒன்றே காரணம்.

என்னிடம் எம்.எட். செய்த அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வினாநிரல் எதையும் தயாரிக்கவில்லை. தம் பள்ளியிலும் பக்கத்துப் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளை வாங்கி, கழித்தலில் வந்த தவறுகளை மட்டும் வகைபிரித்தார். 403இலிருந்து 168ஐக் கழி என்றால் பல பிள்ளைகள் 365 என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்று சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியிருந்தார்கள்: ஒவ்வொரு தானத்திலும் மேலே கீழே என்று பாராமல், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பது. 8இலிருந்து 3 போக 5, 6இலிருந்து 0 போக 6, 4இலிருந்து 1 போக 3. கணிதக் கற்றல் ஆய்வில் இத்தகைய தவறு பல பத்தாண்டுகளாக அறியப்பட்டதுதான். ஆனால் எங்கள் ஒன்றியத்தில் யாருக்கும் அது தெரியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின் அவர், அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், பெயர் மறைத்த நோட்டுப் பக்கங்களின் நகல்களை ஆசிரியர்கள் முன் பரப்பி வைத்து, "இந்தப் பிள்ளை என்ன நினைச்சிருப்பான், சொல்லுங்க" என்று கேட்டார். பயிற்சிக் கூட்டங்களில் பொதுவாகத் தேநீர் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஆசிரியர்கள் அன்று தாள்களை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துப் பார்த்தார்கள். அதனால் மதிப்பெண் கூடியதா என்று அவர் அளக்கவில்லை. ஆகவே கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கிருந்த ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் அந்த நகல்களை வாங்கிக்கொண்டு போனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கல்வியியல் ஆய்வு பள்ளியைப் போய்ச் சேரும் வழி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: ஏடு அலமாரியில் நிற்கும், ஆள் நடமாடுவார். எம்.எட். முடித்தவர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு விரிவுரையாளராகப் போகலாம், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பாடநூல் குழுவில் உட்காரலாம், பி.எட். கல்லூரியில் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு இளம் ஆசிரியர்களைப் பார்க்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு முதுநிலைப் பாடப் பட்டமும் எம்.எட்.டும் போதாது, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி அல்லது பிஎச்.டி. வேண்டும். தனியார் பி.எட். கல்லூரிகளில் சம்பளம் பல இடங்களில் நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அரசு ஆசிரியர்களுக்கு உயர்கல்வித் தகுதிக்காகக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பிறகு, அதற்காகவே வந்த கூட்டம் குறைந்தது. துறைக்கு அது நட்டமா லாபமா என்று எங்கள் ஆசிரியர் அறையில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். நான் லாபம் என்ற பக்கம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு: அந்தத் துறை விடாமல் போய்வரும் பள்ளி ஒன்றாவது இருக்கிறதா? அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வகப் பள்ளியைத் தொடங்கியது இதற்காகத்தான். மைசூர் மண்டலக் கல்வியியல் நிறுவனம் 1963இல் தொடங்கியபோதே வளாகத்துக்குள் ஒரு செயல்விளக்கப் பள்ளியும் சேர்ந்து அமைந்ததன் பின்னால் இருப்பதும் அதே எண்ணம். உங்களுக்குக் கணிதக் கல்வியில்தான் ஆர்வம் என்றால், மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் 1974இலிருந்து இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பிஎச்.டி.யையும் பாருங்கள், நீங்கள் எம்.எஸ்சி. கணிதம் என்பதால் அந்தக் கதவும் உங்களுக்குத் திறந்திருக்கலாம். பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. (கல்வி) போன்றவை பள்ளிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை செய்வதை மனத்தில் வைத்து அமைந்தவை. ஆனால் எம்.ஏ. (கல்வி) என்பதும் எம்.எட். என்பதும் வேலைத் தகுதியில் எல்லா இடத்திலும் ஒன்றாகக் கொள்ளப்படுவதில்லை. ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் பணியாற்றும் எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிறு யோசனை. அவருடைய பெயரைச் சோத்கங்காவில் தேடி, அவரிடம் ஆய்வு செய்தவர்களின் ஏடுகளில் இரண்டைத் திறந்து, நேராகக் கருவி உருவாக்கம் பற்றிய இயலுக்கும் கடைசி இயலுக்கும் போங்கள். இரண்டு ஏடுகளிலும் மாவட்டத்தின் பெயரையும் மாறியின் பெயரையும் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் வேறொருவரைத் தேடலாம். மாணவரின் சொற்கள், நோட்டுப் பக்கங்கள், வகுப்பறைக் குறிப்புகள் எங்காவது தென்பட்டால் அவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள்.

சேர்க்கைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதுவரை ஒரு வேலை. நாளை முதல் ஒரு தனி நோட்டு வைத்து, உங்கள் வகுப்பில் ஒரே தவறு மூன்று பிள்ளைகளிடம் தென்பட்டால், அந்தக் கணக்கையும் அவர்கள் எழுதிய விடையையும், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். தேதியை மறக்காதீர்கள். நேர்காணலுக்கு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களில் யார் அதைக் கைநீட்டி வாங்கிப் புரட்டுகிறார் என்று பாருங்கள்.